சத்தமில்லாத பாய்லரைத் தேடும் முன் சுவரைப் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மேற்கு லண்டனில் விக்டோரியா காலத்து டெரஸ் வீடு, அதாவது வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. மாடியில் பின்பக்க அறை அலமாரிக்குள் 18 வருடப் பழைய காம்பி பாய்லர் (ஹீட்டிங்குக்கும் குழாய் வெந்நீருக்கும் ஒரே பெட்டி). அதை மாட்டியிருப்பது உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சுவரில். சுவருக்கு அந்தப் பக்கம் எண்பது வயது தாண்டிய அம்மா ஒருவரின் கட்டில். நீங்கள் அதிகாலை 4.30-க்குக் குளித்துவிட்டு ஏர்போர்ட் வேலைக்குக் கிளம்புகிறீர்கள். அந்த நேரத்தில் அவருக்குத் தூக்கம் கலைந்துவிடுகிறது. அவர் சண்டைக்கு வரவில்லை. ஒருநாள் வாசலில் தயங்கித் தயங்கிச் சொன்னார். பாய்லரை எப்படியும் மாற்றியாக வேண்டும், சத்தமே இல்லாத பாய்லர் எது, இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருபது வருடமாக லண்டன் வீடுகளில் ஹீட்டிங் வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. பெட்டியின் பெயரைச் சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் நல்ல பெயருள்ள புது பாய்லரை வாங்கி, அதே சுவரில், அதே ஆணித் துளையில் மாட்டிவிட்டு, பக்கத்து வீட்டில் எதுவும் மாறவில்லை என்று வருந்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவின் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பாய்லர் காற்றில் எழுப்பும் ஒலி இல்லை. சுவருக்குள் இறங்கும் அதிர்வும், நேரங்கெட்ட நேரத்தில் அது முழு வேகத்தில் ஓடுவதும்தான்.

முதலில் லேபிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், கடையில் எல்லோரும் காட்டுவது அதைத்தான். 2015 செப்டம்பர் 26 முதல் வீட்டு பாய்லர்களோடு ஆற்றல் லேபிள் வருகிறது. அதில் ஸ்பீக்கர் படத்துக்குப் பக்கத்தில் ஒரு டெசிபல் எண் இருக்கும். சுவரில் மாட்டும் காஸ் பாய்லர்களுக்கு அது பெரும்பாலும் 45-க்கும் 55-க்கும் இடையில் இருக்கும். டெசிபல் நேர்க்கோட்டுக் கணக்கு இல்லை. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. 10 கூடினால்தான் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். ஆகவே 47-க்கும் 48-க்கும் உள்ள வித்தியாசத்துக்காக 300 பவுண்டு கூடுதலாகக் கொடுக்காதீர்கள். 46-க்கும் 54-க்கும் என்றால் யோசிக்கலாம்.

இன்னொன்று. லேபிளில் இருப்பது ஒலித்திறன், அதாவது இயந்திரம் மொத்தமாக வெளியே விடும் ஒலி. சில விளம்பரங்களில் வருவது ஒலி அழுத்தம், அதாவது ஒரு மீட்டர் தள்ளி நின்றால் கேட்கும் அளவு. இந்த இரண்டாவது எண் வழக்கமாக 8 டெசிபலோ அதற்கு மேலோ குறைவாக இருக்கும். ஒரு பிராண்டின் ஒலித்திறனையும் இன்னொன்றின் ஒலி அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். இரண்டுக்கும் லேபிள் எண்ணையே கேளுங்கள்.

சரி, லேபிள் சொல்லாதது எது? மிக்ஸியை நினைத்துப் பாருங்கள். கையில் தூக்கிப் பிடித்து ஓட்டினால் ஒரு சத்தம். அதையே சமையல் மேடையில் வைத்து ஓட்டினால் மேடை முழுக்க உறுமும். கீழே ஒரு துணியை நாலாக மடித்துப் போட்டால் பாதி அடங்கிவிடும். மிக்ஸி ஒன்றுதான், மாறியது அது உட்காரும் இடம். பாய்லருக்குள் ஒரு விசிறியும் ஒரு பம்பும் இருக்கின்றன. விசிறி நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்று சுற்றும். 6000 சுற்று என்றால் விநாடிக்கு 100. அது கனமான, தாழ்ந்த உறுமல்; மேல் சுருதி ஒலிகளைத் தடுக்கும் சுவர் இந்த மாதிரி ஒலியை அவ்வளவாகத் தடுப்பதில்லை. இரும்புத் தகட்டில் தொங்கி, நாலு திருகாணி வழியாகச் செங்கலுக்குள் இறங்கி, அந்தப் பக்கத்துச் சுவரையே ஒரு பெரிய ஸ்பீக்கராக மாற்றிவிடும். உங்கள் அலமாரிக் கதவுக்கு வெளியே நின்றால் 'இவ்வளவுதானா' என்று தோன்றும் சத்தம், அங்கே தலையணையில் காது வைத்துப் படுத்திருப்பவருக்கு வேறு மாதிரி இருக்கும்.

அதனால் விலைப்பட்டியல் வாங்கும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டு, அவர் அறையில் கால் மணி நேரம் உட்காருங்கள். வீட்டில் ஒருவரை போனில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லுங்கள்: முதலில் ஹீட்டிங் மட்டும், அப்புறம் வெந்நீர்க் குழாய் மட்டும், பிறகு குழாயைச் சட்டென்று மூடுவது. என்ன சத்தம், எப்போது வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் வேலைக்குப் போகும் இடங்களில் இதைத்தான் முதலில் செய்கிறேன். சத்தத்தின் தன்மையே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும்.

விடாத உறுமல் என்றால் விசிறியோ பம்போ சுவரில் இறங்குகிறது. டிக், டிக் என்று ஹீட்டிங் போட்ட சில நிமிடங்களுக்கும், அணைத்த பிறகும் வந்தால் அது பாய்லரே இல்லை, செம்புக் குழாய். 10 மீட்டர் செம்புக் குழாய் 50 டிகிரி சூடேறினால் எட்டு மில்லிமீட்டருக்கும் மேல் நீளும். தரைக்கடியில் மர உத்தரத்தின் வெட்டில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தால் உரசி உரசி நகரும். குழாயை மூடும்போது ஒரே அடியாக 'டம்' என்றால் நீரடி: ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் திடீரென நின்று குழாயை உலுக்குகிறது. கெட்டில் கொதிப்பது போன்ற இரைச்சல் என்றால் நெருப்பின் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் வெப்பப் பரிமாற்றியில் சுண்ணாம்பு அல்லது சேறு படிந்திருக்கிறது. லண்டன் தண்ணீர் கடினம், இது இங்கே சகஜம். ஆனால் பாய்லர் பற்றும்போது உள்ளே 'புஃப்' என்று வெடிப்பது போலக் கேட்டால் அது பக்கத்து வீட்டுப் பிரச்சினை இல்லை, உங்கள் உயிர்ப் பிரச்சினை. அணைத்துவிட்டு அன்றைக்கே காஸ் சேஃப் (காஸ் வேலை செய்ய அனுமதி பெற்றவர்களின் பதிவேடு) பதிவுள்ள ஆளைக் கூப்பிடுங்கள்.

இவற்றில் பாதி புது பாய்லரால் தீராது. குழாய் டிக்டிக்கும் நீரடியும் புதுப் பெட்டியோடும் அப்படியே தொடரும். அதனால்தான் முதலில் கேளுங்கள் என்கிறேன்.

இனி இடம். இதுதான் முக்கியமான முடிவு. உங்கள் வகை வீடுகளில் பின்னால் நீளும் பகுதி பெரும்பாலும் ஜோடி ஜோடியாகக் கட்டப்பட்டது. உங்கள் பின்னறைக்குக் கண்ணாடிப் பிம்பம் போல அவருடைய பின்னறை ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் இருப்பது வழக்கமாக ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்தான். இன்று இங்கிலாந்தில் புதிதாகக் கட்டும் வீடுகளின் பொதுச் சுவர் காற்றுவழி ஒலியை 45 டெசிபலாவது தடுக்க வேண்டும் என்று கட்டட விதி இருக்கிறது. விக்டோரியா காலத்தில் கட்டியவருக்கு அப்படி எந்த விதியும் இல்லை. சில வீடுகளில் தரை உத்தரங்களும் அந்தச் சுவருக்குள்ளேயே செருகியிருக்கும், அவை வழியாகவும் அதிர்வு போகும்.

ஆகவே பாய்லரை அந்தச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். கீழே சமையலறையின் கடைசிச் சுவர், தோட்டத்தைப் பார்க்கும் வெளிச்சுவர், நல்ல இடம். திடமான செங்கல், பொதுச் சுவர் இல்லை, புகைக்குழாயும் நேராகத் தோட்டத்துக்குப் போகும். இடம் மாற்றக் கூடுதலாகச் சில நூறு பவுண்டு ஆகும். காஸ் குழாயின் அளவைச் சரிபார்த்து, தேவைப்பட்டால் பெரிதாகப் போட வேண்டியிருக்கும். ஆனாலும் விலையுயர்ந்த பாய்லருக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுத்தால் பலன் பல மடங்கு. கூரைக்கு அடியிலுள்ள மாடத்துக்கு (லாஃப்ட்) கொண்டுபோகலாமா என்று பலர் கேட்பார்கள். உங்கள் வீட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மாடத்தில் பொதுச் சுவர் சில சமயம் மேலும் மெல்லிசாக இருக்கும், பாய்லரை உத்தரத்தோடு கட்டினால் இரண்டு வீட்டுப் படுக்கையறைகளுக்கும் மேலே மத்தளம் வைத்த மாதிரி ஆகிவிடும்.

புகைக்குழாய் முனையையும் இப்போதே யோசியுங்கள். ஒரு அயலவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவரின் ஜன்னலுக்கு நேராக விட்டுவிடக் கூடாது. டெரஸ் வீடுகளின் பக்கவாட்டுச் சந்து குறுகலானது, எதிரே மற்ற வீட்டின் சுவரும் ஜன்னலும் இருக்கும்; விசிறி ஒலி அங்கே இரு சுவருக்கும் நடுவில் எதிரொலிக்கும், குளிர்காலத்தில் வெள்ளைப் புகையும் அங்கேயே தங்கும். திறக்கும் ஜன்னலிலிருந்து குறைந்தது 300 மில்லிமீட்டர் என்பது விதிமுறையின் அடிமட்ட அளவு. அதைத் தொட்டு நிற்காமல், தோட்டப் பக்கமாக, உயரமாக விடுங்கள்.

அடுத்தது எந்த வகை பாய்லர். உங்கள் 4.30 குளியலை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 10 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி உயர்த்த 24 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். காம்பி பாய்லர் வெந்நீரைச் சேமிப்பதில்லை, குழாய் திறந்த அந்த நொடியில் சுட வைக்கிறது. அதனால் நீங்கள் ஷவரைத் திறந்ததும் அது விசிறியை முழு வேகத்துக்கு ஏற்றுகிறது. உங்கள் வீட்டை ஜனவரிக் குளிரில் சூடாக வைத்திருக்கவோ 6 முதல் 8 கிலோவாட் போதுமானதாக இருக்கலாம். அதாவது, நாள் முழுக்க மெல்ல ஓடக்கூடிய இயந்திரம் ஊர் தூங்கும் நேரத்தில்தான் உச்சத்துக்குப் போகிறது.

இதற்கு எனக்குப் பிடித்த தீர்வு, வெந்நீர்த் தொட்டியும், அந்தத் தொட்டியைச் சூடாக்கும் சிறிய சிஸ்டம் பாய்லரும். நாலு பேருக்கு 180 லிட்டர் தொட்டி போதும். சாயங்காலம் ஏழு மணிக்கு, எல்லோரும் டிவி பார்க்கும் நேரத்தில், தொட்டியைச் சூடாக்கிவிடுங்கள். நல்ல காப்பு உள்ள தொட்டி ஒரு முழு நாளுக்கு ஒன்று அல்லது ஒன்றரை யூனிட் வெப்பத்தைத்தான் இழக்கும். காலை 4.30-க்கு ஷவரைத் திறந்தால் வெந்நீர் வரும், பாய்லர் பற்றவே பற்றாது. அலமாரியில் பாய்லர் இருந்த இடத்தில் தொட்டி நிற்கலாம், அதில் விசிறி இல்லை. தெருவிலிருந்து வரும் மெயின் தண்ணீரின் அழுத்தத்தில் ஓடும் தொட்டி என்றால் அதற்குத் தனித் தகுதி பெற்றவர்தான் பொருத்த வேண்டும். மெயின் தண்ணீரின் ஓட்டத்தையும் முதலில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டம் பலவீனமாக இருந்தால் தொட்டி வைத்தும் ஷவர் சோர்வாகத்தான் வரும்.

தொட்டிக்கு இடமோ பணமோ இல்லை, காம்பிதான் என்றால் பரவாயில்லை. அப்போது இரண்டு எண்களைக் கேளுங்கள். ஒன்று, லேபிள் டெசிபல். 50-க்குக் கீழே இருந்தால் நல்லது. இரண்டாவது, அதைவிட முக்கியமானது, ஹீட்டிங்கில் அது எவ்வளவு தாழ்வாக எரிய முடியும் என்பது. 3 கிலோவாட் அளவுக்கு இறங்கக்கூடியது மிதமான நாட்களில் மெல்ல, விடாமல் ஓடும். 8 கிலோவாட்டுக்குக் கீழே இறங்க முடியாதது பற்றும், அணையும், பத்து நிமிடத்தில் மறுபடி பற்றும். ஒவ்வொரு முறையும் விசிறி எழும், வால்வு தட்டும், நெருப்புப் பிடிக்கும். காதைத் தொந்தரவு செய்வது தொடர்ந்து வரும் மெல்லிய ஒலி அல்ல, இப்படி விட்டு விட்டு வருவதுதான். மின்விசிறி ஓடும் அறையில் தூங்கிவிடுகிறோம், சொட்டும் குழாய் தூங்க விடுவதில்லை.

பிராண்டு கேட்பீர்கள். வொர்ஸ்டர் பாஷ், வேலன்ட், வீஸ்மன் மூன்றிலும் அமைதியாக ஓடும் மாடல்கள் இருக்கின்றன. இன்டர்காஸ் காம்பிகளில், ஹீட்டிங்குக்கும் வெந்நீருக்கும் இடையே தண்ணீரைத் திருப்பும் வால்வே இல்லாத வடிவமைப்பு உண்டு. அந்த வால்வு தட்டும் ஒலி அவற்றில் வராது. 'க்வயட் மார்க்' என்ற சான்று சில மாடல்களுக்கு இருக்கும். இருந்தால் நல்லது, அது மட்டுமே போதாது. உங்கள் பகுதியில் நல்ல இன்ஜினியர் எதை வழக்கமாகப் பொருத்திச் சர்வீஸ் செய்கிறாரோ அதற்கே என் ஓட்டு. பெட்டியைவிட அதை மாட்டும் கை முக்கியம்.

மாட்டும்போது என்னென்ன கேட்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன். இடம் மாற்றவே முடியாமல் பழைய சுவர்தான் கதி என்றால், பாய்லரை நேரே செங்கலில் முடுக்க விடாதீர்கள். தரையிலும் கூரையிலும் பிடித்து நிற்கும் தனிச் சட்டம் ஒன்றைப் பொதுச் சுவரைத் தொடாமல் நிறுத்தி, அதில் ரப்பர் அதிர்வுத் தாங்கிகளோடு மாட்டலாம். பாய்லர் தயாரிப்பாளரின் கையேடு அதற்கு இடம் கொடுக்கிறதா என்று இன்ஜினியர் பார்த்துக்கொள்ள வேண்டும். வெறும் பிளாஸ்டர்போர்டுச் சுவரில் மாட்டுவது வேண்டாம், அது உடுக்கை மாதிரி. பெட்டிக்குள் பஞ்சோ ஃபோமோ திணிக்கக் கூடாது, மூடியின் சீலைக் கழற்றவும் கூடாது. அது ஆபத்து. அலமாரிக் கதவைக் கனமாக்கினால் உங்களுக்குச் சத்தம் குறையும், அவருக்குக் குறையாது.

குழாய்களைச் சுவரில் பிடிக்கும் வளையங்களுக்கு உள்ளே ரப்பர் இருக்க வேண்டும். உத்தர வெட்டுகளிலும் சுவர்த் துளைகளிலும் குழாயைச் சுற்றிக் கம்பளித் துணியோ காப்போ இருக்க வேண்டும், உலோகம் மரத்தையோ செங்கலையோ தொடவே கூடாது. பாய்லரை அமைதியாக வைத்துவிட்டு, அதன் குழாய்களைப் பொதுச் சுவரில் வெறும் பிளாஸ்டிக் கிளிப்பில் இறுக்கிவிட்டால் உழைப்பெல்லாம் வீண். லண்டனின் வால்தம்ஸ்டோ பகுதியில் ஒரு வீட்டில் பாய்லரைத் தொடாமல், இரண்டு மீட்டர் குழாயின் கிளிப்புகளை மட்டும் மாற்றினேன். பக்கத்து வீட்டுக்காரர் 'பாய்லர் மாற்றிவிட்டீர்களா' என்று கேட்டார்.

நீரடி இருந்தால் ஒரு சிறிய அதிர்வு உறிஞ்சியைப் பொருத்தலாம். மெயின் தண்ணீரின் அழுத்தம் மிக அதிகமாக இருந்தால் அதை 3 பார் (அழுத்தத்தின் அலகு) அளவுக்குக் குறைக்கும் வால்வு. புது பாய்லரை இணைக்கும் முன் பழைய ரேடியேட்டர்களில் உள்ள கறுப்புச் சேற்றைக் கழுவி எடுக்க வேண்டும், காந்த வடிகட்டி வைக்க வேண்டும், துரு தடுப்பு மருந்து ஊற்ற வேண்டும். பி.எஸ். 7593 என்ற பிரிட்டிஷ் தரநிலையின் 2019 பதிப்பு வடிகட்டியையும் மருந்தையும் கேட்கிறது. இதைத் தவிர்த்துவிட்டு மலிவாக விலை சொல்பவரை நம்பாதீர்கள். ஓரிரு குளிர்காலத்திலேயே கெட்டில் இரைச்சல் வந்துவிடும்.

அமைப்புகள் பற்றி இரண்டு சொல். ஹீட்டிங்கின் உச்சத் திறனை உங்கள் வீட்டின் தேவைக்குக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள்; 30 கிலோவாட் காம்பி என்றாலும் ஹீட்டிங்குக்கு 10 போதும். ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை 75 டிகிரியிலிருந்து 55 அளவுக்கு இறக்குங்கள். குழாய் நீள்வது குறையும், டிக்டிக் குறையும், திரும்பும் தண்ணீர் குளிர்ந்து வருவதால் காஸும் மிச்சம். வெளியே வெப்பநிலை உணரி வைத்து வானிலைக்கு ஏற்ப இதைத் தானே மாற்றிக்கொள்ளும் கட்டுப்பாடு கிடைத்தால் விடாதீர்கள். இரவில் முழுக்க அணைத்துவிட்டு விடியற்காலையில் ஒரேயடியாக ஏற்றுவதைவிட, இரண்டு மூன்று டிகிரி குறைத்து மெல்ல ஓட விடுவது அடுத்த வீட்டுக்கு நல்லது. பம்ப் வேகத்தையும் தேவைக்குமேல் வைக்க வேண்டாம். ரேடியேட்டர் வால்வுகள் சீறுவது பெரும்பாலும் அதனால்தான்.

வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்ப்புக்கே போய்விடலாமா என்ற எண்ணம் இருந்தால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7500 பவுண்டு மானியம் உண்டு. ஹீட் பம்ப் ஒலியை வீட்டுக்கு வெளியே கொண்டுபோகிறது, அயலவர் ஜன்னலில் எவ்வளவு கேட்கும் என்று கணக்குப் போட்ட பிறகுதான் வைக்க முடியும். இங்கிலாந்தில் எல்லையிலிருந்து ஒரு மீட்டர் தள்ள வேண்டும் என்ற பழைய விதி 2025 மே மாதம் போய்விட்டது. ஆனாலும் குறுகிய சந்தில் வைக்காதீர்கள்.

சட்டத்தையும் கேட்டிருந்தீர்கள். 1996-ஆம் ஆண்டு இரைச்சல் சட்டம் இரவு 11 முதல் காலை 7 வரையை இரவு நேரமாக வைத்து, புகார் செய்பவரின் அறைக்குள் அளக்கிறது. பின்னணி 24 டெசிபலோ அதற்குக் கீழோ இருந்தால் 34 வரை அனுமதி. பழைய பாய்லர் அதைத் தாண்டாமலே இருக்கலாம். ஆனால் அந்த அம்மா கவுன்சிலுக்குப் போகவில்லை, உங்களிடம் வந்தார். அவருக்கு நிம்மதியான தூக்கம் கிடைப்பதுதான் அளவுகோல்.

இன்றிரவே ஒன்று செய்யலாம். பல காம்பிகளில் 'ப்ரீ-ஹீட்' அல்லது 'கம்ஃபர்ட்' என்ற அமைப்பு இருக்கும். யாரும் குழாய் திறக்காவிட்டாலும், உள்ளே இருக்கும் தண்ணீரைச் சூடாக வைத்திருக்க இரவெல்லாம் அவ்வப்போது பற்றி அணையும். அதை 'ஈகோ'வுக்கு மாற்றுங்கள். வெந்நீர் வரச் சில நொடி கூடும், அவ்வளவுதான். அந்த அம்மா ராத்திரி இரண்டு மணிக்கும் விழிக்கிறார் என்றால் காரணம் இதுவாக இருக்கக்கூடும். புது காம்பி வைத்தாலும் முதல் நாளே இதைப் பாருங்கள்.

வேலை நடக்கும் தேதியை அந்த அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழையதைக் கழற்றும் நாளில் துளையிடும் சத்தம் இருக்கும். வேலைக்கு வரும் இன்ஜினியரின் காஸ் சேஃப் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் அவருக்கு எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று பாருங்கள். எல்லாம் முடிந்ததும், இன்ஜினியருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், மறுபடி ஒருமுறை அந்த அம்மாவின் அறையில் போய் உட்கார்ந்து, வீட்டில் ஷவரைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள்.